புகழும் பூட்டிய கதவும்: திரையில் தன்பாலீர்ப்புக் காதல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

ஊரறிந்த ஒருவர். பாடகராக இருக்கலாம், நடிகராக, வழக்கறிஞராக, விளையாட்டு வீராங்கனையாக, தேர்தல் வேட்பாளராக இருக்கலாம். அவர் தன் பாலைச் சேர்ந்த ஒருவரைக் காதலிக்கிறார். அதை வெளியே சொல்ல வழியில்லை. இந்த நெருக்கடியைக் கதையாக எடுத்துக்கொண்ட படங்கள் பல மொழிகளில் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்கும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படங்களின் முடிவையும் பேசாமல் இருக்க முடியவில்லை. முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

சொல் பற்றி ஒன்று. 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். பழைய செய்தித்தாள்களில் வந்த இழிசொற்களைத் தவிர்க்கவேண்டும் என்பதற்காகத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022இல், தமிழ்நாடு அரசு ஊடகங்களுக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

மறைத்து வாழ்வது எல்லோருக்கும் கடினம்தானே? புகழ் இருந்தால் மட்டும் என்ன கூடிவிடுகிறது?

"நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியோடுதான் நாமெல்லாம் வளர்ந்தோம். சாதாரண மனிதருக்கு அந்த நாலு பேர் தெருவிலும் உறவிலும் இருக்கிறார்கள். வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனால் அவர்களிடமிருந்து தப்பலாம். புகழ்பெற்றவருக்கோ சோறு போடுவதே அந்த நாலு பேர்தான். டிக்கெட் வாங்குவதும், இசைத்தட்டு வாங்குவதும், வாக்களிப்பதும் அவர்கள்தான். எந்த ஊருக்குப் போனாலும் அவர்கள் முன்னதாகவே வந்து காத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் நடக்கிறது. தனி மனிதரின் ரகசியம் அவரோடு முடிந்துவிடும். நட்சத்திரத்தின் ரகசியத்தில் மேலாளர், வழக்கறிஞர், படநிறுவனம், விளம்பரதாரர் எனப் பலருடைய பிழைப்பு கட்டப்பட்டிருக்கிறது. அவர் உண்மையைச் சொல்ல விரும்பினாலும் சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள்.

மூன்றாவதுதான் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. காதலர் எப்போதும் கூடவே இருக்கவேண்டும். ஆனால் காதலர் என்று சொல்லக்கூடாது. அப்படியானால் அவர் யார்? ஓட்டுநர், உதவியாளர், மேலாளர், தோட்டக்காரர். காதலுக்கு ஒரு வேலைப் பெயர் கொடுக்கப்படுகிறது. அந்தப் பெயர் மெல்ல மெல்ல உண்மையாகிவிடுகிறது. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் இன்னொருவர். வேலையென்றால் ஒருநாள் வேலையைவிட்டு அனுப்பவும் செய்யலாம். நான் பார்த்த படங்களில் பெரும்பாலான பிரிவுகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் படம் எது?

2013இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'பிஹைண்ட் தி கேண்டலாப்ரா'. அமெரிக்கப் பியானோக் கலைஞர் லிபராச்சிக்கும் ஸ்காட் தார்சனுக்கும் இடையே இருந்த உறவின் கதை. தார்சன் எழுதிய நினைவுக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டது. லிபராச்சியாக மைக்கேல் டக்ளஸும் தார்சனாக மேட் டேமனும் நடித்தார்கள்.

லிபராச்சி 1919இல் பிறந்தவர். பியானோவின் மேல் கிளைவிளக்கு எரிய, மின்னும் கற்கள் பதித்த அங்கியும் விரல் நிறைய மோதிரங்களுமாக லாஸ் வேகாஸ் மேடையில் வந்து நிற்பவர். அவருடைய ரசிகர்களில் பெரும்பகுதி நடுத்தர வயதைக் கடந்த பெண்கள். படத்தின் தொடக்கத்தில் தார்சன் முதல்முறை அந்த அரங்கில் உட்கார்ந்து, மேடையையும் சுற்றியிருக்கும் பெண்களையும் மாறி மாறிப் பார்க்கிறான். இவர் யாரென்று இவர்களுக்குத் தெரியாதா என்ற வியப்பு அவன் முகத்தில் இருக்கிறது. தெரியாது என்கிறார் கூட வந்தவர். அத்தனை பளபளப்புக்கும் நடுவில் பார்க்க மறுக்கிற கண்கள்! மறைப்பதற்கு இருட்டு வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது.

தார்சன் வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி வளர்ந்தவன். இருவருக்கும் நாற்பது வயது இடைவெளி. அவனை லிபராச்சி தன் மாளிகைக்கு அழைத்துக்கொள்கிறார். மேடைக்கு ரோல்ஸ் ராய்ஸ் காரை ஓட்டிவரும் சீருடை அணிந்த ஓட்டுநர் என்பது உலகத்துக்குச் சொல்லப்படும் கணக்கு. ஆயிரம் பேர் முன்னிலையில் இருவரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள். ஒருவர் கைதட்டல் வாங்க, மற்றவன் கார்க் கதவைத் திறந்துவிடுகிறான்.

பிறகு நடப்பது இன்னும் கொடுமை. தார்சனின் முகத்தை அறுவைச் சிகிச்சை மூலம் தன் இளவயது முகம்போல மாற்றச் சொல்கிறார் லிபராச்சி. அவனைச் சட்டப்படி தத்தெடுக்கவும் பேசுகிறார். முதலில் கேட்கும்போது இது பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். நின்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. திருமணம் என்ற சொல் அவருக்குக் கிடைக்காது. காதலன் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது. ஆகவே கைக்கு எட்டிய மற்றச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார்: ஓட்டுநர், மகன். எதுவும் பொருந்தவில்லை. அந்த மனிதரின் சுயநலத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனால் சொல் கிடைக்காத தவிப்பு எனக்குப் புரிகிறது.

லிபராச்சி ஏன் கடைசிவரை மறுத்தார்? ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கலாமே?

1956இல் லண்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழில் கசாண்ட்ரா என்ற புனைபெயரில் எழுதிய பத்தியாளர் ஒருவர், லிபராச்சியின் பாலுணர்வைக் குத்திக்காட்டும் தொனியில் எழுதினார். லிபராச்சி அவதூறு வழக்குத் தொடுத்தார். 1959இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது கூண்டில் ஏறி, தான் தன்பாலீர்ப்பாளர் இல்லை என்று சத்தியம் செய்தார். வென்றார். 8,000 பவுண்டு இழப்பீடும் கிடைத்தது.

அந்த வெற்றியே அவர் காலில் விழுந்த விலங்கு. அதற்குப்பின் உண்மையைச் சொன்னால் சத்தியம் செய்து பொய் சொன்னதாகிவிடும். அன்று பிரிட்டனில் ஆண்களுக்கிடையிலான உறவே குற்றம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 40 வயதில் சொன்ன ஒரு பொய்யை அவர் 67 வயதில் இறக்கும்வரை தினமும் காப்பாற்றவேண்டியிருந்தது. அந்தக் காவல் வேலையில் தார்சனும் இன்னும் பலரும் ஊழியர்களானார்கள்.

1987 பிப்ரவரி 4ஆம் நாள் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் அவர் இறந்தார். உடல் மெலிந்ததற்குத் தர்பூசணிப் பத்தியம்தான் காரணம் என்று அவர் தரப்பு சொல்லியிருந்தது. மருத்துவர் கொடுத்த சான்றிதழில் இதய நோய் என்று இருந்தது. மாவட்ட மரண விசாரணை அதிகாரி அதை ஏற்காமல் பரிசோதனை செய்து, எய்ட்ஸ் சார்ந்த நிமோனியா என்று அறிவித்தார். உயிர் போன பிறகும் அந்தப் பொய்க்கு ஓய்வு கிடைக்கவில்லை.

தார்சன் பணத்துக்காகத்தானே இருந்தார்? வழக்குப் போட்டதே அதைக் காட்டுகிறதே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது; கேட்பவர் மேல் இல்லை, கேள்வி எழும் விதத்தின் மேல். ஐந்தாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவியைக் கணவன் வெளியே தள்ளினால் அவள் ஜீவனாம்சம் கேட்பாள். அதை நாம் பேராசை என்று சொல்வதில்லை. தார்சன் 1982இல் வெளியேற்றப்பட்டார். 11 கோடியே 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். பெரும்பகுதி தள்ளுபடியாகி, 1986இல் 95,000 டாலருக்குச் சமரசமானது. லிபராச்சியின் தரப்பு வைத்த வாதம் எளிமையானது: அவர் என் ஊழியர், வேலைநீக்கம் செய்தேன். ரகசியத்துக்காகச் சூட்டிய வேலைப் பெயர் நீதிமன்றத்தில் ஆயுதமாயிற்று.

தார்சன் புனிதர் என்று நான் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட மாத்திரையில் தொடங்கி போதைக்கு அடிமையாகி, சந்தேகமும் சீற்றமுமாக மாறிப்போவதை டேமன் ஒளிக்காமல் நடித்திருக்கிறார். ஆனாலும் சாகும் தறுவாயில் லிபராச்சி கூப்பிட்டதும் அவர் போகிறார். நோயால் உருக்குலைந்த டக்ளஸின் முன் டேமன் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சியில் பணம் எங்கேயும் இல்லை.

மற்றப் படங்களிலும் இந்த 'வேலைப் பெயர்' வருகிறதா?

வருகிறது. கவனிக்கத் தொடங்கினால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பிரிட்டிஷ் பாடகர் எல்டன் ஜானின் கதையான 'ராக்கெட்மேன்' (2019) படத்தில் காதலர் ஜான் ரீட் மேலாளராகவும் ஆகிறார். காதல் வற்றிப்போகிறது, ஒப்பந்தம் நிற்கிறது. நிஜத்திலும் ரீட் 1998 வரை மேலாளராக நீடித்தார். மனம் உடைந்த பிறகும் அதே ஆளிடம் நாள்தோறும் கால்ஷீட் பேசவேண்டிய நிலைமையை எண்ணிப்பாருங்கள். 1976இல் எல்டன் ஒரு பத்திரிகைப் பேட்டியில் தான் இருபாலீர்ப்பாளர் என்று சொன்னார். 1984இல் ஒரு பெண்ணை மணந்தார். நான்கு ஆண்டுகளில் அது முறிந்தது. பாதி திறந்த கதவு பூட்டிய கதவைவிட நிம்மதியானது என்று சொல்வதற்கில்லை.

'குவீன்' இசைக்குழுவின் பாடகர் பிரெடி மெர்குரியைப் பற்றிய 'பொஹீமியன் ராப்சடி' (2018) இந்த விஷயத்தில் என்னை ஏமாற்றிய படம். சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்த அந்தப் பார்சிப் பிள்ளையின் கடைசி ஆண்டுகளில் கூடவே இருந்தவர் ஜிம் ஹட்டன். முடிதிருத்தும் கலைஞர். வெளியாருக்கு அவர் வீட்டுத் தோட்டக்காரர். நோயாளியைப் பராமரித்ததும் அவர்தான், 1991 நவம்பர் 24 அன்று படுக்கை அருகே இருந்ததும் அவர்தான். அதற்கு முந்தைய நாள்தான் மெர்குரி தனக்கு எய்ட்ஸ் என்பதை உலகுக்கு அறிவித்திருந்தார். ஹட்டனுக்கு உயிலில் 5 லட்சம் பவுண்டு கிடைத்தது. ஆனால் வாழ்ந்த வீடு வேறொருவருக்குப் போயிற்று, அவர் வெளியேறவேண்டியிருந்தது. இத்தனை பெரிய கதையைப் படம் இரண்டு மூன்று காட்சிகளில் கடந்துவிடுகிறது.

பெண்களின் உலகில் 'பேட்டில் ஆஃப் தி செக்சஸ்' (2017). டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் 1973 செப்டம்பர் 20இல் முன்னாள் ஆண்கள் சாம்பியன் பாபி ரிக்சை வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் கதை. அப்போது அவர் மணமானவர். மேரிலின் பார்னெட் என்ற முடி அலங்காரக் கலைஞர் மேல் காதல் வருகிறது. நிஜ வாழ்வில் பார்னெட் அவருக்குச் செயலாளரும் ஆனார். 1981இல் பார்னெட் ஜீவனாம்ச வழக்குப் போட, உண்மை ஊருக்கே தெரிந்தது. விளம்பர ஒப்பந்தங்கள் அத்தனையும் 24 மணி நேரத்தில் போய்விட்டதாகக் கிங் சொல்லியிருக்கிறார். படம் 1973இன் கொண்டாட்டத்தோடு நின்றுகொள்கிறது. அந்த எட்டு ஆண்டுகளும் திரைக்கு வந்திருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் மாறினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?

சட்டத்தின் பங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1961இல் வந்த பிரிட்டிஷ் படமான 'விக்டிம்' அதைப் பற்றியதே. பேசில் டியர்டன் இயக்கம். மெல்வில் ஃபார் என்ற வழக்கறிஞராக டர்க் போகார்ட் நடித்தார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தைப் பிரிட்டனில் 'மிரட்டிப் பணம் பறிப்போருக்கான சாசனம்' என்றே அழைத்தார்கள்.

படத்தில் பாரெட் என்ற இளைஞன், ஃபாரின் பெயர் வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக, வேலை செய்யும் இடத்தில் திருடி மிரட்டுபவர்களுக்குக் கொடுக்கிறான். உதவி கேட்டு ஃபாருக்குத் தொலைபேசியில் பேச முயல்கிறான். பணம் பறிக்கத்தான் கூப்பிடுகிறான் என்று எண்ணி ஃபார் துண்டித்துவிடுகிறார். பாரெட் காவல் நிலைய அறையில் தூக்கு மாட்டிக்கொள்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனையே எதிரி என்று நினைத்துவிட்டார்! மறைத்து வாழ்பவருக்கு ஒவ்வொரு தொலைபேசி மணியும் மிரட்டல்தான். அன்பாக வருபவனின் குரலும் அப்படித்தான் கேட்கும். இதைவிடத் துல்லியமாக இந்த அச்சத்தை வேறு எந்தப் படமும் எனக்குக் காட்டவில்லை.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல் சட்டம் தளர்ந்தது. ஆங்கிலேயர் 1860இல் நமக்கு எழுதிக்கொடுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டோரின் சம்மத உறவைக் குற்றமாகக் கருதுவதை, 2018 செப்டம்பர் 6 அன்றுதான் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டம் விலகியதும் சிறை விலகுகிறது. நாலு பேர் விலகுவதில்லை. அடுத்த கேள்விக்கு இதனால்தான் ஒரு மலையாளப் படத்தை எடுக்கிறேன்.

மனைவியின் நிலை என்ன? அவரைப் பற்றி இந்தப் படங்கள் கவலைப்படுகின்றனவா?

நெடுநாள் கவலைப்படவில்லை. ஜியோ பேபி இயக்கி, மம்மூட்டி தயாரித்து நடித்த 'காதல் – தி கோர்' (2023) கவலைப்பட்டது.

மேத்யூ தேவசி ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் வேட்பாளராகிறார். அதே நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்துக் கோருகிறார். காரணம், கணவர் தன்பாலீர்ப்பாளர். ஓமனாவாக நம் ஜோதிகா. இங்கே புகழ் ஒரு வார்டு அளவுதான். ஆனால் சுவரொட்டியில் முகம் வந்துவிட்டால் வார்டும் உலகமும் ஒன்றே. படம் வெளிவந்தபோது 2018 தீர்ப்பு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த நாடு இது. மேத்யூவைச் சிறைக்கு அனுப்ப யாராலும் முடியாது. ஆனாலும் மனிதர் நீதிமன்றத்தில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சுகிறார்.

ஓமனா கோபத்தில் வழக்குப் போடவில்லை. தனக்கும் அவருக்கும் சேர்த்தே விடுதலை கேட்கிறார். 20 ஆண்டு இல்லறத்தில் தன்மேல் என்ன குறை என்று யோசித்தே தேய்ந்துபோன பெண் அவர். மேத்யூவின் தந்தைக்கு எல்லாம் முன்பே தெரியும். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர் அவர். நம் ஊரிலும் இந்த வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் குறைவு. அதற்கான விலையைக் கொடுத்தவள் வீட்டுக்கு வந்த மருமகள்.

மேத்யூவின் காதலர் தங்கன், ஓட்டுநர் பயிற்சி தரும் எளிய மனிதர். இருவரும் பேசிக்கொள்ளும் காட்சி ஏறக்குறைய இல்லை. பார்வைதான். சிலர் இதைக் குறையாகச் சொன்னார்கள்; நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். இரண்டாம் முறை பார்த்தபோது, பேசவே இடம் கிடைக்காத உறவு என்றால் இப்படித்தானே இருக்கும் என்று பட்டது. வேட்பாளருக்குத் துணையாகக் கட்சி நிற்கிறது; மனைவிகூட நிற்கிறார். தங்கனுக்கு ஏளனம் மட்டுமே மிஞ்சுகிறது. இந்தப் படம் கேரள அரசின் சிறந்த திரைப்பட விருதைப் பெற்றது.

அமெரிக்க இசைமேதை லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் இல்லறத்தைச் சொல்லும் 'மேஸ்ட்ரோ' (2023) படத்தில் மனைவி பெலீசியா எல்லாம் தெரிந்தே வாழ்கிறார். அதில் மனம் கனக்கும் காட்சி ஒன்று: ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்டு மகள் தந்தையிடம் கேட்கிறாள்; அவர் பொறாமைக்காரர்கள் கிளப்பிய வதந்தி என்கிறார்; மகளின் முகத்தில் நிம்மதி படர்கிறது. பொய் சொன்ன தந்தை அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மறைக்காமல் வாழ்ந்தால் உறவு நிலைக்குமா?

'மில்க்' (2008) பாருங்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர அரசியல்வாதி ஹார்வி மில்க் எதையும் மறைக்கவில்லை. வெளிப்படையாக நின்று மூன்று முறை தோற்று, 1977இல் நகர மேற்பார்வையாளர் குழுவுக்குத் தேர்வானார். 1978 நவம்பர் 27 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு கடை வைத்து நடத்திய காதலர் ஸ்காட் ஸ்மித், தேர்தலுக்குமேல் தேர்தல் வந்து வீட்டை விழுங்கியதால் விலகிப்போகிறார். அடுத்து வந்த ஜாக் லிரா தனிமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்கிறார். ரகசியம் இல்லாத இடத்திலும் புகழ் தன் வாடகையை வசூலித்துவிடுகிறது. ஒரு வேறுபாடு உண்டு: ஸ்மித் போகும்போது காதலராகவே போகிறார். கடைசிவரை மில்க்கின் நண்பராகவும் இருக்கிறார். ஊழியர் என்று யாரும் அவரை விரட்டவில்லை.

இந்தியாவில் கலைஞர்களை வைத்து இப்படி ஒரு படம் வந்திருக்கிறதா?

வங்காளத்தில் 2010இல் கௌசிக் கங்குலி இயக்கிய 'ஆரேக்டி பிரேமேர் கோல்போ' வந்தது. 'இன்னொரு காதல் கதை' என்று பொருள். இயக்குநர் ரிதுபர்ணோ கோஷ் நடிகராக வந்த படம். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலில் மிக நுட்பமானது இதுதான்.

ஜாத்ரா என்னும் வங்க நாடக மேடையில் சபல் ராணி என்ற பெயரில் பெண்வேடம் கட்டிப் புகழ்பெற்றவர் சபல் பாதுரி. நம் ஸ்திரீபார்ட் நடிகர்களைப் போன்றவர். மேடையில் ராணி, பெண்களே பெண்வேடத்துக்கு வந்ததும் வாய்ப்புப் போயிற்று. தன்னைக் காதலித்த மனிதரின் வீட்டில், அவருடைய மனைவியும் இருக்க, வீட்டு வேலை பார்ப்பவராக வாழ்ந்தார். இங்கேயும் அதே வேலைப் பெயர்! அவரே படத்தில் அவராக வந்து தன் கதையைச் சொல்கிறார். அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் இயக்குநராக ரிதுபர்ணோ. அந்த இயக்குநரின் காதலர் படத்தின் ஒளிப்பதிவாளர், மணமானவர். பழைய காதலையும் புதிய காதலையும் ஒரே நடிகர்கள் நடிக்கிறார்கள். அரை நூற்றாண்டு கழிந்திருக்கிறது, நகரத்தின் பேச்சு மாறியிருக்கிறது, படித்தவர்கள், வெளிப்படையானவர்கள். ஒளிப்பதிவாளரின் மனைவி கருவுற்றிருப்பது தெரிந்ததும் காதலர் திரும்பிப் போய்விடுகிறார், சபல் ராணியின் காலத்தில் போனது போலவே.

ரிதுபர்ணோ தன் பெண்மையை ஊரறிய அணிந்து நடந்தவர். அதற்காகத் தொலைக்காட்சியில் கேலி செய்யப்பட்டவர். 2013 மே 30 அன்று இறந்தார். அவர் அந்த வேடத்தில் கண்ணாடிமுன் நிற்கும்போது நடிப்பு எது, வாழ்வு எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

தமிழில்?

2025 பிப்ரவரியில் வெளியான 'காதல் என்பது பொதுவுடைமை', தன் காதலியை வீட்டுக்கு அழைத்துவரும் மகளையும் முற்போக்கான தாயையும் பற்றியது. அங்கே போராட்டம் வீட்டுக்குள்தான். புகழ் அதில் இல்லை. இத்தனை நட்சத்திர வழிபாடு உள்ள ஊர் இது. நட்சத்திரத்தின் பூட்டிய அறையைப் பற்றி எழுதத் துணியும் இயக்குநர் வரவேண்டும். நான் காத்திருக்கிறேன்.

நடிகர்களில் யார் யார் அப்படி என்று சொல்வீர்களா?

மாட்டேன். உயிரோடிருக்கும் யாரைப் பற்றியும் ஊகம் எழுதுவதில்லை; தயவுசெய்து கேட்காதீர்கள். 1950களில் ஹாலிவுட் கிசுகிசு இதழ்கள் செய்ததும் இதைத்தான். ஹாலிவுட் நாயகன் ராக் ஹட்சனுக்கு 1955இல் அவசரமாகத் திருமணம் நடந்ததில் அந்த ஊகப் பசிக்கும் பங்கு உண்டு என்பார்கள்; அது மூன்றாண்டுகூட நிலைக்கவில்லை. கேட்பவருக்கு அது பொழுதுபோக்கு.

மறைந்தவர்களில் போகார்டைப் பற்றிச் சொல்லலாம். 'விக்டிம்' படத்தில் உண்மையை ஒப்புக்கொள்ளத் துணியும் வழக்கறிஞராக நடித்த அவர், மேலாளர் என்று அறியப்பட்ட ஆண்டனி ஃபார்வுடுடன் பல பத்தாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1988இல் ஃபார்வுட் இறந்தார்; போகார்ட் 1999இல். தன்னைப் பற்றிப் பல நூல்கள் எழுதியவர், அந்த உறவுக்கு மட்டும் பெயர் சூட்டவில்லை. நாயகனாகக் கொண்டாடப்பட்ட நாட்களில் அந்த வேடத்தை ஏற்றதே எத்தனை பெரிய துணிச்சல்!

எல்லாப் படமும் சாவிலும் பிரிவிலும்தான் முடியவேண்டுமா?

ஹாலிவுட்டில் 1934 முதல் கடுமையாக அமலான தணிக்கை விதிகள் இத்தகைய உறவைக் காட்டவே தடை போட்டிருந்தன. மறைமுகமாகக் காட்டினால் அந்தப் பாத்திரம் சாகவேண்டும், அல்லது கெட்டவனாக இருக்கவேண்டும். அந்தப் பழக்கம் விதி போன பிறகும் நீண்டது. 'ராக்கெட்மேன்' அப்படி முடியவில்லை. மீண்டெழுந்த பாடகரும் அவருடைய கணவரும் பிள்ளைகளும் கடைசியில் படமாக வருகிறார்கள். சமோவாவில் அந்தப் படம் தடைசெய்யப்பட்டது. ரஷ்யாவில் வெட்டி வெளியிட்டார்கள்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

'ஃபேர்வெல் மை கான்குபைன்' (1993). சென் கைகே இயக்கம். கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படம். பெய்ஜிங் இசைநாடகத்தில் பெண்வேடம் கட்டும் தியேயி, அரசனாக வேடமிடும் ஷியாவ்லோவை ஒருதலையாக நேசிக்கிறான். மேடையில் ஆயிரம் பேர் முன் இருவரும் அரசனும் காதலியும். திரை விழுந்ததும் இவன் வெறும் சக நடிகன். கலாச்சாரப் புரட்சியின்போது மக்கள் கூட்டத்தின் முன் மண்டியிட்ட ஷியாவ்லோ, உயிருக்கு அஞ்சி, நண்பனின் அந்தரங்கத்தை உரக்கச் சொல்லிவிடுகிறான். ஒரு வாழ்நாளின் ரகசியம் கைதட்டியவர்களின் முன்னாலேயே கொட்டப்படுகிறது.

தியேயியாக நடித்தவர் ஹாங்காங்கின் லெஸ்லி சங். கிழக்காசியா எங்கும் ரசிகர்களைக் கொண்ட பாடகர், நடிகர். 1997இல் ஹாங்காங்கில் நடந்த இசை நிகழ்ச்சியில் பழைய காதல் பாட்டு ஒன்றைத் தன் தாய்க்கும், நெடுநாள் இணையரான தோங்குக்கும் காணிக்கையாக்கிப் பாடினார். 2003 ஏப்ரல் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மன அழுத்த நோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

குடும்பத்தார் வெளியிட்ட இறப்பு அறிவிப்பில் தோங்கின் பெயரும் அச்சாகியிருந்தது. மேலாளர் என்றோ நண்பர் என்றோ போடவில்லை. 'வாழ்நாள் காதல்' என்று போட்டிருந்தார்கள்.